ஆர் வந்தால் வரமாட்டியள்?

எங்கள் ஊர்ச் சங்கத்தின் இலண்டன் கிளைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தலைவர். அவரைப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் தெரிவு செய்வார்கள் என்று சங்கத்தின் சட்ட யாப்பில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறதுதான். உண்மையில் அவரைத் தெரிவு செய்வது அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள் என்பதால் நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். நாலு வருடம் அவளை நான் திட்டாத இடமில்லை: பஸ் டிப்போ, கோயில் மண்டபம், லூயிஷாமில் எங்கள் வீட்டுக் குசினி. அப்படித் திட்டியவனே அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் எழுதுவதுதான் நியாயம்.

சங்கத்தில் தெரிவுக் குழு என்று மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அவள் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள். அவர்களே அதை மறைப்பதில்லை. பொதுக்கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் போன் எடுக்கத் தொடங்குவாள். கடையில் நின்றபடியேதான். போனைக் காதுக்கும் கழுத்துத் துணிக்கும் இடையில் சொருகிக்கொண்டு, ஒரு கையால் பாகற்காய் நிறுத்துக்கொண்டு, மற்றக் கையால் மிச்சக் காசு கொடுத்துக்கொண்டு பேசுவாள். ஆரைத் தலைவராகப் போடலாம் என்று ஒருவரிடமும் கேட்க மாட்டாள். அவள் கேட்பது ஒரே ஒரு கேள்வி.

"ஆர் தலைவரா வந்தால் நீங்கள் கூட்டத்துக்கு வரமாட்டியள்?"

எங்கள் சனத்திடம் ஆரைப் பிடிக்கும் என்று கேட்டால் பொய் சொல்வார்கள். எல்லாரும் நல்ல ஆக்கள்தானே தங்கச்சி என்பார்கள். ஆரைப் பிடிக்காது என்று கேட்டுப் பாருங்கள், காணி எல்லையிலிருந்து கல்யாண வீட்டில் இலை போடாமல் விட்டது வரைக்கும் அருவியாகக் கொட்டும். அவள் எல்லாவற்றையும் கேட்பாள். ஒரு எழுத்தும் எழுதி வைக்க மாட்டாள், வாட்ஸ்அப்பில் ஒரு சொல் போட மாட்டாள், ஒரு வீட்டில் கேட்டதை மற்ற வீட்டில் சொல்ல மாட்டாள். கடைசியில் ஆருடைய பெயருக்கு ஆகக் குறைந்த ஆட்கள் முகம் சுளித்தார்களோ அவருடைய பெயர் கூட்டத்தில் வரும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லாரும் கை தட்டுவார்கள், பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும். வாக்கெடுப்பு என்ற ஒன்றை எங்கள் சங்கம் நெடுங்காலமாகக் கண்டதேயில்லை.

நான் அப்போது இதைக் கள்ள வேலை என்றுதான் சொன்னேன். டிப்போ கன்டீனில் ஒருநாள் தொலைக்காட்சியில் அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய மண்டபம், பலூன், தொப்பி, கூச்சல். என்னோடு வேலை செய்கிற ஜமேக்காக்காரர் ஒருவர் தட்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "நாங்கள் சாப்பிடப் போகும்போது மெனு அச்சாகி முடிந்துவிடும். கோழியா மீனா என்றுதான் எங்களைக் கேட்பார்கள். மெனுவை எழுதினவன் ஆர் என்று ஒருவரும் கேட்பதில்லை." அப்படியே எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். எங்கள் சங்கத்தில் கோழியா மீனா என்றுகூடக் கேட்பதில்லை, ஒரே ஒரு கறிதான் என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், எனக்குத் தலைவராக வர ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த ஊரில் இத்தனை வருடம் பஸ் ஓட்டியாயிற்று. ஏறுகிறவர்கள் கார்டைத் தட்டிவிட்டுப் போவார்கள். முகத்தைப் பார்த்து ஒரு காலை வணக்கம் சொல்கிறவர் நூற்றில் ஒருவர். எங்கள் சங்கத்து வருடாந்த ஒன்றுகூடலில் தலைவருக்கு மாலை போடுவார்கள், குத்துவிளக்கு ஏற்றச் சொல்வார்கள், பதினைந்து நிமிடம் பேச விடுவார்கள். ஒருமுறையாவது அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தது. பேச்சைக்கூட எழுதி என் ஒரே நல்ல கோட்டின் உள்பையில் வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஒருமுறை சங்க விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலில் எந்தப் பக்கம் கோட்டைத் தாண்டியது என்று சண்டை. நான்தான் நடுவர். என் தீர்ப்பைச் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினேன். பிறகு மூன்று நாள் நித்திரை இல்லை, படுத்துக்கொண்டும் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் டிப்போ வாசலில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். பிரஷர் என்றார்கள். சில மாதம் பஸ் ஓட்ட விடவில்லை. அதெல்லாம் பெரிய விஷயமில்லை, வெள்ளைக்கார டொக்டர்மார் எதையும் பெரிதாக்குவார்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு வந்த தெரிவில் என் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தங்கச்சி கொண்டுவந்தது, புருஷனைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு தனியே இருந்த ஒரு பெண்ணை. சங்கத்தில் ஒரு ஆளும் அவளை நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவளைப் பிடிக்காது என்று சொல்லவும் ஒருவரும் இருக்கவில்லை. அந்த இரண்டு வருடமும், பல காலமாக ஒரே வரிசையில் இருக்காத இரண்டு குடும்பங்கள் ஒன்றுகூடலில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தெரிவிலும் என் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அந்த முறை அவள் கொண்டுவரப் போகிறாள் என்று கூட்டத்துக்கு முன்பே தெரியவந்தது, சுவிஸிலிருந்து வந்து ஆர்ச்வேயில் இருக்கிற, பல் கட்டுகிற ஒரு மனிதரை. வாயைத் திறந்து நாலு சொல் பேசாதவர்.

இனிப் பொறுக்க ஏலாது என்று, அந்தக் கூட்டத்தில் நானே போட்டியிடுவது என்று முடிவெடுத்தேன். கோயிலில், சாவு வீட்டில், பிறந்தநாள் விழாவில், கண்ட கண்ட இடமெல்லாம் ஆட்களைப் பிடித்துக் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: "ஓம் அண்ணை, பாப்பம்." நான் விரல் மடித்து எண்ணிக்கொண்டேன். இருபத்தெட்டு ஆனதும் வெற்றி நிச்சயம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்கிறவள், வந்த களையில் காலை நீட்டி இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாள்.

அந்தக் கிழமை தங்கச்சியின் கடைக்கும் போனேன், சவால் விடுவதற்காகவே. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"இந்த முறை உம்மடை போன் தெரிவு நடக்காது, தங்கச்சி. நான் நிக்கிறன்."

"நில்லுங்கோ அண்ணை. அது உங்கட உரிமை. எத்தினை பேர் ஓம் எண்டவை?"

"இருபத்தெட்டுப் பேர்."

அவள் கறிவேப்பிலைக் கட்டைப் பையில் வைத்தபடி கேட்டாள். "ஓம் எண்டவையோ, ஓம் பாப்பம் எண்டவையோ?"

"இரண்டும் ஒண்டுதானே."

அவள் என்னையே பார்த்தாள், பிறகு அடுத்த ஆளுக்குக் கத்தரிக்காய் நிறுக்கத் தொடங்கினாள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கேட்டவன் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்லக் கூச்சப்பட்டு நாங்கள் கண்டுபிடித்த சொல் அல்லவா பாப்பம். சீட்டுக்குச் சேரச் சொன்னவனுக்கும் காப்புறுதி விற்க வந்தவனுக்கும் ஆயிரம் முறை அதைச் சொன்னவன் நான். எனக்கு மற்றவன் சொன்னபோது மட்டும் அதை வாக்கென்று எண்ணியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பொதுக்கூட்டம் ஆர்ச்வேக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு நடந்தது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பேச்சு உள்பையில் இருந்தது. மனைவி மண்டபத்துக் குசினியில் மற்றப் பெண்களோடு ரோல்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பல் கட்டுகிறவருடைய பெயரை முன்மொழிந்து வழிமொழிந்து முடிந்ததும், வேறு பெயர்கள் உண்டா என்று வழக்கத்துக்குக் கேட்டார்கள். என் நண்பர், பாரிஸிலிருந்து வந்து இங்கே மின்சார வேலை செய்கிறவர், எழும்பி என் பெயரைச் சொன்னார். மண்டபத்தில் ஒரு சின்னச் சலசலப்பு ஓடியது.

"வழிமொழியிறது ஆர்?"

வழிமொழிவதாகச் சொன்ன ஆள் அங்கே இல்லை. காரை மாற்றி விடப் போயிருந்தார். இன்றுவரை அந்தக் காரை அவர் எங்கே மாற்றி விட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தேன். என் இருபத்தெட்டுப் பேரில் முக்கால்வாசி அங்கே இருந்தார்கள். ஒருவர் போனைப் பார்த்தார், ஒருவர் பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார், ஒருவர் கூரையில் என்னத்தையோ தேடினார். ஒரு நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நீண்ட நிமிடத்தை நான் கண்டதில்லை. உள்பையில் இருந்த பேச்சை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"நான் வழிமொழியிறன்."

தங்கச்சிதான். பின்வரிசையிலிருந்து எழும்பி நின்றாள். மண்டபம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. தன் ஆளுக்கு எதிராக நிற்கிறவனை அவளே வழிமொழிகிறாள். அவள் ஒன்றும் நடக்காதது போல இருந்துகொண்டாள். அதற்குப் பிறகு வாக்கெடுப்பு. எனக்கு ஏழு கை உயர்ந்தது, அதில் ஒன்று என்னுடையது. வழிமொழிந்தவளுடைய கை எனக்கு உயரவில்லை. அது பல் கட்டுகிறவருக்குத்தான் உயர்ந்தது. ஆனாலும் ஏழு ஏழுதான். ஒருவரும் வழிமொழியாத மனிதனாக அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை.

இப்போது யோசித்துச் சொல்வது இது. அன்று காரில் நான் பேசிய பேச்சு வேறு. குதிரை கீழே தள்ளியதும் போதாமல் குழியும் பறித்ததாம் என்று தொடங்கினேன். கள்ளி, எல்லாரும் பார்க்க எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள் என்றேன். டவர் பிரிட்ஜ் தாண்டியும் நான் நிறுத்தவில்லை. ஓல்ட் கென்ட் ரோட்டில் போகும்போது மனைவி முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவவைப் பேசாதேங்கோ."

"ஏன் பேசக்கூடாது? மூண்டு தரம் என்ரை பேரை வெட்டினவள்."

"அவ வெட்டேல்லை. நான்தான் வெட்டினனான்."

அது சிவப்புக் கோடு போட்ட வீதி, அதில் வண்டியை நிறுத்தக் கூடாது. எத்தனை கோபத்திலும் அது எனக்குத் தெரியும். ஒரு பக்கத்துத் தெருவுக்குள் திருப்பி, டயர்க் கடை ஒன்றுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"ஒவ்வொரு முறையும் முதல் போன் எங்கட வீட்டுக்குத்தான் வாறது," என்றாள். "நீங்கள் ஷிப்டிலை இருக்கேக்கை எடுப்பா. அக்கா, அண்ணையைத் தலைவராப் போட யோசிக்கிறன், அவர் வந்தால் நீங்கள் வருவியளோ எண்டு கேப்பா. நான் வரமாட்டன் எண்டு சொல்லுறனான். பேர் வைக்க நினைக்கிற ஆளின்ரை வீட்டிலை மட்டும் முதல்லை இப்பிடிக் கேப்பா. அந்த வீட்டிலை ஒருத்தர் வரமாட்டன் எண்டால் அந்தப் பேர் இல்லை எண்டுதான் அவவின்ரை கணக்கு. அதோடை விட்டிடுவா. ஏன் எண்டும் கேக்கிறேல்லை."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் கத்துவியள். கத்தினால் பிரஷர் ஏறும். கயிறிழுத்தலுக்கே டிப்போ வாசலிலை விழுந்த மனிசன். அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைவர் எண்டால் சனம் நாளும் பொழுதும் போன் எடுத்து ஏசும். எனக்குத் தலைவர் வேண்டாம். மனிசன் வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கையைச் சுக்கானில் வைத்தபடி இருந்தேன். அவள் என் கோட்டைத் தொட்டாள்.

"இதுக்குள்ளை இருக்கிற பேச்சை வாசிச்சனான். நல்லா எழுதியிருக்கிறியள்," என்றாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து அப்டன் பார்க்குக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்தேன். நாலு வருடம் அந்தப் பெண்ணைக் கடைக்குள் வைத்துக்கூட, வாடிக்கையாளர்கள் பார்க்க, சூழ்ச்சிக்காரி என்று பேசியிருக்கிறேன். என் வாயை மூட அவளுக்கு ஒரு வசனம் போதும்: உங்கட வீட்டிலை கேட்டுப் பாருங்கோ அண்ணை. அதை அவள் சொல்லவில்லை. பெரிய கட்சிகளில் மூடிய அறைக்குள் பேசியது மறுநாள் பேப்பரில் வருகிறது. இவள் ஒரு மரக்கறிக் கடையின் நடுவில் நின்று பேசுகிறாள், ஆனால் ஒரு சொல் வெளியே போவதில்லை. பேச்சு வாங்கிக்கொண்டு என் வீட்டுச் சமாதானத்தைக் காப்பாற்றியவள் அவள். அதை நினைக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது.

என் முகத்தைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. "அக்கா சொல்லிப்போட்டாவோ?"

"ஓம்."

"அப்ப சரி. நல்ல முருங்கைக்காய் வந்திருக்கு, கொண்டுபோங்கோ."

"அதை விடும். நேற்று எனக்கு ஏன் வழிமொழிஞ்சனீர்?"

"ஒருத்தரும் எழும்பாமல் விட்டிருந்தால் நீங்கள் அடுத்த கூட்டத்துக்கு வருவியளோ அண்ணை? நீங்கள் வராட்டி அக்காவும் வரமாட்டா. இரண்டு பேர் போச்சு." முருங்கைக்காயை ஒடித்துப் பைக்குள் வைத்தாள். "சனம் வரவேணும், அவ்வளவுதான். ஆர் தலைவரா இருந்தால் என்ன."

ஒரு ஆள் போன் எடுத்து ஒரு சங்கத்துக்குத் தலைவரை முடிவு செய்வது பிழை என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். நாளைக்கு இந்த இடத்தில் இவளைப்போல வாய் கட்டாத ஒருவர் வந்தால் சங்கம் நாலாக உடையும். அவள் மறுக்கவில்லை. "பிழைதான் அண்ணை. எனக்கும் தெரியும். வேறை வழி இருந்தால் சொல்லுங்கோ, நானும் கடையைப் பாப்பன்," என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அது வாயில் வரவில்லை. வந்து இறங்கியிருந்த தக்காளிப் பெட்டிகளை உள்ளே தூக்கி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு இரண்டு வருடம் போனது. பல் கட்டுகிறவர் நல்ல தலைவராக இருந்தார். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்ததால் சனம் அவரைக் கொண்டாடியது. விளையாட்டுப் போட்டியில் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். இரண்டு முறையும் நான் ஒருவரையும் ஏசவில்லை. ஒருவன் என் காலில் டயரை ஏற்றப் பார்த்தான், அவனையும் ஏசவில்லை. மனைவி எட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம், நான் வீட்டில் நின்ற ஒரு சனிக்கிழமை காலை, போன் வந்தது. மனைவி பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை ஈரம் என்று நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"அண்ணையோ? பரவாயில்லை, நீங்களே எடுத்தது நல்லது. உங்களிட்டையும் கேக்கிறன். இந்த முறை ஆர் தலைவரா வந்தால் நீங்கள் வரமாட்டியள்?"

"நான் வந்தால் நான் வரமாட்டன்," என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "பகிடி விடாதேங்கோ அண்ணை. இந்த முறையும் உங்கட பேரிலைதான் தொடங்கிறன்."

"பகிடி இல்லை, தங்கச்சி. எனக்கு வேண்டாம்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனுக்குக் கிட்டக் குனிந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நான் கதைக்கிறன். அவர் வந்தால் இந்த முறை நான் வருவன். முன்வரிசையிலை இருப்பன்."

நான் போனை அவளுக்கு இன்னும் கிட்டப் பிடித்தேன். மாலையும் குத்துவிளக்கும் கிடைத்திருந்தாலும் இப்படி இருந்திருக்குமா தெரியாது. தங்கச்சி ஆருக்கோ மிச்சக் காசு கொடுத்தாள், நன்றி என்றாள். பிறகுதான் எங்களிடம் வந்தாள்.

"அது ஏலாது அக்கா," என்றாள். "வீட்டிலை ஒருத்தர் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். அந்தப் பேர் இல்லை."

மூன்று தரம் அந்தக் கணக்கில் வெட்டுப்பட்டு நான் ஊரெல்லாம் கத்தியிருக்கிறேன். நாலாவது தரம் சிரித்துக்கொண்டே போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மிச்சப் பயற்றங்காயை ஒடிக்க இருந்தேன்.